வயிறு ஒத்துக்கொள்ளாத பூனைக்கு வீட்டுச் சமையல்: ஒரு வாரச் சாப்பாடு வேறு, ஆயுள் சாப்பாடு வேறு

பினாங்கு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவர் வளர்ப்பது 5 வயதுப் பெண் பூனை. கருத்தடை செய்தாயிற்று, எடை 4 கிலோ. இரண்டு மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூழாகப் போகிறது. சில நாள் விடியற்காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி. பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டார், மூன்று பிராண்டு பூனை பிஸ்கட் (உலர் தீனி) மாற்றிப் பார்த்துவிட்டார். அம்மா தயிர்ச்சோறு பிசைந்து வைக்கச் சொல்கிறார். மேல்மாடி மாக்சிக் (மலாய்க்கார அம்மா) கெம்போங் மீனை அவித்துக் கொடுக்கச் சொல்கிறார். வீட்டிலேயே சமைத்துப் போடலாமா, எதை, எவ்வளவு, காலம் முழுக்க அதுவே போதுமா என்பது கேள்வி.

சமைக்கலாம், தங்கச்சி. ஆனால் ஒரே கேள்வியாக நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்வி இருக்கிறது. வயிற்றை ஆற்ற ஒரு வாரம், பத்து நாள் போடும் சாப்பாடு ஒன்று. அது எளிது: உப்புகூடப் போடாமல் அவித்த கோழி, அவ்வளவுதான். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் போடும் சாப்பாடு இன்னொன்று. அது எளிதே இல்லை. நான் பல வருஷம் ஒரு கால்நடை கிளினிக்கில் உதவியாளராக இருந்தவள். அங்கே திரும்பத் திரும்பப் பார்த்தது, முதல் சாப்பாட்டில் வயிறு சரியானதும் ஜனங்கள் அதையே ஆயுளுக்கும் நீட்டிவிடுவதுதான். பேதி நின்றுவிட்டது, பூனை தட்டை வழித்து நக்குகிறது, பிறகு எதற்கு மாற்றவேண்டும் என்று தோன்றுவது இயல்பு. கோழிச் சதையில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை, வேறு சில சத்துகளும் போதாது என்பதை வயிறு காட்டிக்கொடுக்காது. எலும்பும் இதயமும் கண்ணும்தான் காட்டும், அதுவும் மாதங்கள் கழித்து.

சமையலுக்கு முன்னால் கிளினிக் விஷயத்தை முடித்துக்கொள்வோம். இரண்டு மாதமாக நீளும் பேதிக்கு ‘சென்சிடிவ் வயிறு’ என்று நாமே பெயர் வைத்துவிட்டால் உள்ளே இருக்கிற காரணம் மறைந்துபோகும். கடையில் கிடைக்கும் பூச்சி மாத்திரைகள் பெரும்பாலும் உருண்டைப் புழு, கொக்கிப் புழு, நாடாப் புழுவுக்கானவை. ஜியார்டியா என்றொரு ஒற்றைச் செல் ஒட்டுண்ணி உண்டு. அது அந்த மாத்திரைக்கு அடங்காது. மலத்தில் தினமும் வெளிப்படவும் செய்யாது, அதனால் ஒரு நாள் மலத்தைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட முடியாது. மூன்று நாள் மலத்தைச் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரத்தம் எடுக்கும்போது பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். குடல் நாள்பட்டுக் கெட்டிருக்கும் பூனைக்கு இந்த வைட்டமினை உறிஞ்ச முடியாமல் போகும். அது குறைந்தால் பசி போகும், பேதி தொடரும், நீங்கள் எதைச் சமைத்தாலும் பலன் இருக்காது. ஊசி போட்டால் சீக்கிரம் தேறும். உங்கள் பூனைக்கு 5 வயதுதான். 10 வயதைத் தாண்டியது என்றால் தைராய்டு, சிறுநீரகம் இரண்டையும் பார்க்காமல் சாப்பாட்டைத் தொடவே வேண்டாம் என்பேன்.

சில அறிகுறிகளுக்கு வீட்டு வைத்தியமே கிடையாது. மலத்தில் இரத்தம், தார் போலக் கறுத்த மலம், ஒரே நாளில் பல தடவை வாந்தி, ஈறு வெளுப்பது அல்லது மஞ்சளாவது, மூலையில் ஒடுங்கிக்கொள்வது, இவற்றில் எது கண்டாலும் அன்றைக்கே கிளினிக். தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் பேதியுமாக இருந்தால் பன்லுகோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அதில் மணிக்கணக்குதான் அவகாசம். ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால் மலச்சிக்கல் என்று நினைத்துப் பூசணியைத் தேடாதீர்கள். மூத்திரப்பை அடைத்திருக்கலாம், அது உயிருக்கு ஆபத்து. பனடோல் (பாராசிட்டமால்) ஒரு துண்டுகூட வாயில் போகக்கூடாது. மனிதர் காய்ச்சலுக்குப் போடும் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

அப்புறம் நம்முடைய ‘லங்கணம் பரம ஔஷதம்’. வயிறு சரியில்லையா, ஒரு நாள் பட்டினி போடு என்று பாட்டி சொல்வது நமக்குச் சரி, நாய்க்கும் ஓரளவு சரி. பூனைக்குச் சரியில்லை. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனையின் உடம்பு சேமித்த கொழுப்பையெல்லாம் ஈரலுக்கு அனுப்பும், ஈரல் அதைச் சமாளிக்க முடியாமல் வீங்கிப்போகும். குண்டுப் பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். அதனால் புதுச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விட்டதென்றால் ‘பசித்தால் தானே சாப்பிடும்’ என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லையென்றால் பழைய தீனியையே திரும்ப வையுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இனி அந்த ஒரு வாரச் சாப்பாடு.

4 கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 240 கலோரி வேண்டும். தோல் நீக்கிய கோழித் தொடைக்கறி அவித்த பிறகு 100 கிராமுக்கு 180 கலோரிக்கு மேல் இருக்கும். ஆக நாளொன்றுக்கு 120 கிராம் அவித்த கறி, பச்சையாக எடுத்தால் 160 கிராம் சொச்சம். நெஞ்சுக்கறிதான் லேசானது என்று பலர் அதை வாங்குவார்கள். நான் தொடைக்கறியைத்தான் சொல்வேன். பூனை கொழுப்பை நாயைவிட நன்றாகத் தாங்கும், தொடைக்கறியில் பூனைக்கு மிக அவசியமான டாரின் என்ற சத்தும் நெஞ்சைவிட அதிகம். தோலை உரித்துவிடுங்கள், எலும்பை முழுக்க எடுத்துவிடுங்கள். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும், குடலைக் குத்தும்.

கறி மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, சிறு தீயில், உள்ளே இளஞ்சிவப்பு மறையும் வரை அவியுங்கள். மஞ்சள் வேண்டாம், இஞ்சி வேண்டாம், உப்பு வேண்டாம். இதைச் சொன்னால் நம் வீடுகளில் ‘அப்படியே எப்படிப் போடுவது, வாடை அடிக்குமே’ என்பார்கள். அந்த வாடைதான் பூனைக்கு ருசி. அவித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். டாரின் தண்ணீரில் கரையும், பாதிச் சத்து அதில்தான் இறங்கியிருக்கும். ஐஸ் பெட்டியில் வைத்தால் மேலே கொழுப்பு உறையும். அதை எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் தெளிந்த ரசத்தைக் கறிமேல் ஊற்றிக் கொடுங்கள். பேதியில் போன நீரும் இதனால் உள்ளே போகும்.

இந்த 120 கிராமை நான்கு வேளையாகப் பிரியுங்கள், கடைசி வேளை நீங்கள் படுக்கப் போகும்போது. நீங்கள் சொன்ன விடியற்கால மஞ்சள் நுரை பெரும்பாலும் இரவு முழுக்கக் காலியாகக் கிடந்த வயிற்றில் பித்தம் ஏறுவதால் வருவது. பல பூனைகளுக்கு இந்த இரவு வேளை ஒன்றே அதை நிறுத்திவிடும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கறியைச் சில்லென்று வைக்கக்கூடாது, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் வையுங்கள். பழைய பிஸ்கட்டை ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். முதல் நாள் கால் பங்கு கோழி, அடுத்த நாள் பாதி, இப்படி நாலு நாளில் மாற்றுங்கள். சொல்லப்போனால், மூன்று பிராண்டை அடுத்தடுத்து மாற்றியதே பேதியை வளர்த்திருக்கலாம். குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்குப் புதுத் தீனியோடு பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

சோறு சேர்க்கலாமா? குழைய வெந்த சோறு ஒரு மேசைக்கரண்டி கலந்தால் கெடுதி இல்லை. ஆனால் அவசியமும் இல்லை. பூனையின் எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி கிடையாது, கணையத்தில் சுரப்பதும் கொஞ்சம்தான். பேதிக்குக் கஞ்சி என்பது நம் வயிற்றுக்கு எழுதிய வைத்தியம். அதைவிட, அவித்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு டீஸ்பூன் பயனுள்ளது. அதிலிருக்கும் நார் நீரைப் பிடித்துக்கொள்ளும். வெறும் பூசணி, கூட்டு இல்லை. போட்ட பிறகு இன்னும் இளகிப் போனால் நிறுத்திவிடுங்கள், எல்லாப் பூனைக்கும் நார் ஒத்துக்கொள்ளாது.

அம்மாவின் தயிர்ச்சோற்றுக்கு வருகிறேன். குட்டிப் பருவம் தாண்டியதும் பெரும்பாலான பூனைகளுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை குடலில் நீரை இழுக்கும், பேதியாகும். தயிரில் அது பாலைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. நல்ல வயிறுள்ள பூனை ஒரு கரண்டித் தயிரைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு மாதமாகக் கழிகிற பூனையிடம் சோதிக்க வேண்டாம். அதோடு, தயிர்ச்சோறு வயிற்றை நிரப்பும், போதுமான புரதத்தைக் கொடுக்காது. பூனை வளர்த்த பழைய வீடுகளில் பால்சோறு தின்றே வாழ்ந்ததே என்று அம்மா கேட்பார். அந்தப் பூனைகள் சோற்றை நம்பி வாழவில்லை. ராத்திரியில் எலியும் பல்லியும் பிடித்துத் தின்றன. உங்கள் பூனை பதினாலாவது மாடியில் என்ன பிடிக்கும்?

மாக்சிக் சொன்ன கெம்போங் மீன், நம் கானாங்கெளுத்தி வகை, மோசமான யோசனை இல்லை. வாரத்தில் ஒரு நாள், புதிதாக, முள் நீக்கி, அவித்துக் கொடுத்தால் சரி. தினசரிச் சாப்பாடாக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கொழுப்பு மீனை மட்டுமே தின்னும் பூனைக்கு வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பே மஞ்சளாகி வீங்கும். தொட்டாலே வலியில் கத்தும். பல மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அந்த நொதி போகும், பச்சையாகக் கொடுத்தால் சில வாரங்களில் பூனை தலையை மார்போடு கவிழ்த்துக்கொண்டு தள்ளாடும், வலிப்பும் வரும். இன்னொன்று நம் வெயிலைப் பற்றியது. கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. பசாரில் மத்தியானம் மிஞ்சிய மீனைப் ‘பூனைக்குத்தானே’ என்று மலிவாக வாங்குவார்கள். கெட்ட வயிற்றுக்கு அதைவிடக் கெட்டது கிடையாது. பூனைக்கு மீன் ஒத்துக்கொள்ளாத தன்மையும் ஒன்றும் அபூர்வமில்லை. பூனைகளிடம் அதிகம் பதிவான உணவு ஒவ்வாமை மாடு, மீன், கோழி மூன்றுக்கும்தான். உப்பு நெத்திலிக் கருவாடு, தக்காளிச் சாறில் போட்ட சார்டின் டின் இரண்டையும் பற்றிப் பேசவே வேண்டாம்.

வெளிச்சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. சிக்கன் ரைஸ் கடையில் வெறும் ஸ்டீம் கோழிதானே என்று நாலு துண்டு எடுத்துவந்து பூனைக்கு வைப்பவர்கள் உண்டு. அந்தக் கோழி வெந்ததே பூண்டும் இஞ்சியும் போட்ட தண்ணீரில், மேலே ஊற்றியது சோயாவும் நல்லெண்ணெயும். வெங்காயக் குடும்பம் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயம் போதும் என்று சொல்வார்கள். உங்கள் பூனைக்கு அது 20 கிராம்தான். பூண்டு இன்னும் கடுமை. அவித்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் விஷம் போகாது. சூப் கட்டியிலும், நாசி கண்டார் குழம்பிலும், ஆட்டெலும்பு சூப்பிலும் இருப்பது இதுதான். ஒரு தடவை நக்கியதால் உடனே ஒன்றும் தெரியாது. தினமும் கொஞ்சம் என்றால் ஒரு நாள் ஈறு வெளுத்துக் கிடக்கும்.

ஒரு வாரக் கோழியில் மலம் கெட்டியாகிவிட்டால் நல்லது. ஆகவில்லை, ஜியார்டியாவும் இல்லை என்றால் கோழியே குற்றவாளியாக இருக்கலாம். பூனை பிஸ்கட்டில் முகப்பில் ‘டூனா’ என்று இருந்தாலும் உள்ளே கோழி இருப்பது சர்வ சாதாரணம், ஆகவே மூன்று பிராண்டு மாற்றியும் கோழி மாறாமலேயே இருந்திருக்கும். இதுவரை பூனை தின்றே இராத ஒரே ஒரு இறைச்சியை மட்டும் கொடுத்துப் பார்ப்பதுதான் அடுத்த படி. முயல் இதற்கு நல்லது, உறைய வைத்த முயல் கறியைச் செல்லப்பிராணிக் கடைகளில் விசாரியுங்கள். காடை சுலபமாகக் கிடைக்கும், வாத்தும் கிடைக்கும். ஆனால் கோழிக்கு ஒத்துக்கொள்ளாத பூனைக்குச் சில சமயம் மற்றப் பறவைகளும் ஒத்துக்கொள்வதில்லை, அதனால் என் முதல் தேர்வு முயல்தான். ஆட்டுக்கறியை இதுவரை தொட்டதே இல்லையென்றால் அதுவும் சரி, கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டு. முயல் மிகவும் கொழுப்பில்லாத கறி, அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வைக்க வேண்டியிருக்கும். தோல் அரிப்புக்கு இந்தச் சோதனை 8 வாரமாவது வேண்டும். வயிற்றுக்கு அவ்வளவு வேண்டாம், பெரும்பாலான பூனைகள் இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்லிவிடும்.

இந்த இரண்டு வாரத்தில் வேறு எதுவும் வாயில் போகக்கூடாது. ட்ரீட், சுவையூட்டிய மாத்திரை, குழந்தையின் தட்டிலிருந்து விழும் ஒரு துண்டு, எதுவும். அடுக்குமாடியில் இதுதான் பெரிய பாடு. நடைபாதையில் உலாவும் பூனைக்கு ஒரே ஒரு வீடா இருக்கிறது? மாக்சிக் வீட்டில் மீன், எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் பிஸ்கட், கீழே கடையில் ஒருவர் கோழித்தோல். சமைத்துப் போட்டும் சரியாகவில்லை என்று வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது ‘கதவு திறந்திருக்கிறதா?’ என்பதுதான். இரண்டு வாரம் கதவைச் சாத்தி வையுங்கள், மாக்சிக்கிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் அந்தப் பூனைமேல் பாசம்தானே. சரியான பிறகு பழைய தீனியை மறுபடி ஒரு முறை கொடுத்துப் பார்த்தால், பேதி திரும்புகிறதா என்று தெரியும். யாருக்கும் அதைச் செய்ய மனம் வராது. ஆனால் அதைச் செய்தால்தான் காரணம் உறுதியாகும்.

இப்போது ஆயுள் சாப்பாடு. 2019-இல் அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைக்கும் வீட்டுப் பூனைச் சாப்பாட்டுக் குறிப்புகள் 114-ஐ எடுத்து அலசினார்கள். எல்லாச் சத்தும் போதுமான அளவில் இருந்த குறிப்பு ஒன்றுகூட இல்லை. கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அதில் உண்டு.

ஏன் இவ்வளவு கஷ்டம்? பூனையின் உடம்பு முழு இரையை, அதாவது சதை, ஈரல், இதயம், எலும்பு எல்லாம் சேர்ந்ததைத் தின்று பழகியது. சதையில் கால்சியத்தைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய சமமாக, கால்சியம் சற்றே கூடுதலாக இருக்கவேண்டும். சதையை மட்டும் போட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுக்கும். வளரும் குட்டி ஒரு நாற்காலியிலிருந்து குதித்தாலே கால் முறியும். பெரிய பூனையில் மெதுவாக நடக்கும், வெளியே தெரியாது.

டாரின் கதை இன்னும் சுவாரசியம். பூனையால் இதைத் தன் உடம்பில் போதுமான அளவு உண்டாக்க முடியாது. 1975-லேயே டாரின் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை கெடும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். 1987-இல் டேவிஸில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவர் சகாக்களும் இதயம் வீங்கிச் சாகும் பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதையும், அதைக் கொடுத்தால் இதயம் தேறுவதையும் காட்டினார்கள். அந்தப் பூனைகள் தின்றது கம்பெனித் தீனிதான். அதன்பின் கம்பெனிகள் டாரின் அளவை உயர்த்தின, அந்த நோய் அபூர்வமானது. கம்பெனிக்காரர்களையே ஏமாற்றிய சத்து, நம் அடுப்பங்கரையில் தற்செயலாகச் சரியாக அமைந்துவிடும் என்று நம்புவது அதிகப்படி.

வைட்டமின் ஏ-யும் அப்படித்தான். கேரட்டிலிருந்து நாம் அதை உண்டாக்கிக்கொள்வோம், பூனையால் முடியாது. ஈரல் வேண்டும். ஆனால் ‘ஈரல் நல்லது’ என்று தினமும் ஈரலாகப் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு ஈரல் போதும். இவற்றுக்கு மேல் பி1, வைட்டமின் ஈ, அயோடின், துத்தநாகம், தாமிரம் என்று பட்டியல் நீள்கிறது.

கணக்கு எப்படிப் போகும் என்று காட்ட ஒரு கிலோ தொடைக்கறியை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஈரல் 50 கிராம், கோழி இதயம் 100 கிராம், முழுதாய் வெந்த முட்டை 2. கால்சியத்துக்கு, அவித்துக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓட்டுத் தூள் 6 முதல் 7 கிராம், கரண்டியால் இல்லை, தராசில் நிறுத்து. டாரின் பொடி 2,000 மில்லிகிராம், கறி ஆறிய பிறகு ரசத்தோடு கலந்து. இத்தனையும் செய்தாலும் நான் மேலே சொன்ன பட்டியலின் கடைசி வரி இன்னும் பாக்கி. அதனால் வைட்டமின்களைத் தனித்தனியாக வாங்கிக் கலக்கும் வேலையை நான் யாருக்கும் சொல்வதில்லை. வெறும் இறைச்சியைப் பூனைக்கான முழு உணவாக்குவதற்கென்றே பிரிமிக்ஸ் பொடி விற்கிறார்கள். அதை வாங்கினால் லேபிளை முழுக்கப் படியுங்கள். சிலவற்றில் கால்சியம் இருக்கும், சிலவற்றில் எலும்போடு அரைத்த கறிக்கான அளவு இருக்கும். இருப்பதோடு முட்டையோட்டையும் போட்டால் கால்சியம் இரட்டிப்பாகும். நாய்க்கான பொடி பூனைக்கு ஆகாது. கால்நடை உணவியல் நிபுணர்கள் உருவாக்கிய ‘பேலன்ஸ் இட்’ (Balance IT) என்ற இணையக் கணிப்பானும் இருக்கிறது, இறைச்சியைத் தேர்ந்தெடுத்தால் எவ்வளவு பொடி சேர்ப்பது என்று சொல்லும். குடல் நோய் என்று ஏற்கெனவே உறுதியான பூனைக்கு இவை எதுவும் போதாது. செர்டாங்கில் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் அங்கே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். குட்டிக்கும், சினைப் பூனைக்கும், சிறுநீரகம் கெட்டதற்கும் இந்தக் கணக்கெல்லாம் வேறு.

பச்சைக் கறியாகவே கொடுப்பது இப்போது ஒரு மோகம். வயிறு கெட்ட பூனைக்கு, நம் ஊர்ச் சூட்டில், வேண்டாம் என்பது என் கட்சி. சால்மொனெல்லா கிருமி பூனையோடு நிற்காது, உங்கள் சமையல் மேடைக்கும் வரும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரிகனில் பறவைக் காய்ச்சல் கிருமி இருந்த பச்சை இறைச்சித் தீனியைத் தின்று ஒரு பூனை செத்தது, அந்தத் தீனியைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். வேகவைத்தால் இந்தக் கவலை இல்லை. வைத்த சாப்பாட்டையும் அரைமணிக்கு மேல் தட்டில் விடாதீர்கள். ஐஸ் பெட்டியில் மூன்று நாள், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு வேளை அளவுப் பொட்டலமாகக் கட்டி உறைபெட்டியில். உறைந்ததை இளக்குவதும் ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டிலேயே நடக்கட்டும், சிங்க் மேல் வேண்டாம்.

சைவ வீடுகளிலிருந்தும் கேட்பார்கள், உங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் வரும். பூனையைச் சைவமாக்க முடியாது, விரதமும் வைக்க முடியாது. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் பூனைக்கென்று தனிப் பானை, தனிக் கத்தி, பால்கனியில் ஒரு சின்ன மின்சாரக் குக்கர் வைத்துக்கொள்கிறார்கள். புரட்டாசி பிறக்கும் முன் மாதத்துக்கு வேண்டியதை அவித்து உறைய வைத்துவிட்டால் அந்த மாதம் வீட்டில் கறி வேகவேண்டியதே இல்லை. அம்மாவுக்கும் சங்கடம் இல்லை. அதுவும் முடியாத வீடு என்றால் டின் உணவு, அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

உங்கள் பூனைக்கு நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். இந்த வாரமே மூன்று நாள் மலமும் பி12-உம். கூடவே, மேலே சொன்னபடி கோழியும் ரசமும் பத்து நாள். வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும், குழந்தை எடை பார்க்கும் தராசு இருந்தால் இன்னும் நல்லது. 4 கிலோப் பூனைக்கு 200 கிராம் குறைந்தால் அது 60 கிலோ ஆள் 3 கிலோ இளைத்த மாதிரி, அப்போது காத்திருக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும். மலம் கெட்டியானால், ஒரே இறைச்சியில் செய்த, முழு உணவு என்று லேபிளில் போட்ட டின் உணவுக்கு ஒரு வாரம், பத்து நாளில் மெதுவாக மாற்றுவேன். பிஸ்கட்டைவிட டின்னில் நீர் அதிகம், மாவு குறைவு. உங்கள் கையால் சமைத்த கோழி அதோடு தொடரலாம், நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரை, அதாவது 12 கிராமுக்குள். அந்த அளவுக்குக் கால்சியம், டாரின் கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை. மலம் கெட்டியாகாவிட்டால் முயல், கதவு சாத்தல், இரண்டு வாரம். அதற்கும் அடங்கவில்லையென்றால் குடலை ஸ்கேன் செய்து பார்க்கவேண்டிய கட்டம் வந்துவிட்டது, அதற்குப் பிறகு சமையலைப் பற்றி என்னிடம் கேட்டுப் பயனில்லை.